மலையடி ஊரின் காலை பஸ்

நான் சட்டமன்ற உறுப்பினரான முதல் வருடத்தில், காலை நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். என் கணவர் பள்ளிக்குக் கிளம்பும்போது அந்தக் குவியலுக்குள் தன் செருப்பைத் தேடிப் பிடித்துத்தான் போட்டுக்கொண்டு போவார். பட்டா மாறுதல், நின்றுபோன முதியோர் உதவித்தொகை, எரியாத தெருவிளக்கு, மருமகன் அடித்தான், மகன் சோறு போடவில்லை என்று எல்லாமே அந்த வாசலுக்கு வந்தன. பாதிக்கு மேல் என்னால் தீர்க்கக்கூடியவை அல்ல. ஆனாலும் கேட்டுக்கொள்வேன். யாருக்காவது போன் போடுவேன். போன் போட்டதே வந்தவர்களுக்குப் பாதி தெம்பாக இருக்கும். சட்டமன்றத்தில் பேசுவதைவிட இந்தப் போன்களில்தான் என் பதவியின் பெரும்பகுதி கழிந்தது.

அதற்கு முன்னால் நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்த்தவள். அங்கே தொழிற்சங்கத்தில் சேர்ந்தேன், பிறகு ஒன்றியக் கவுன்சிலர் ஆனேன். கட்சி அந்த முறை ஒரு பெண்ணை நிறுத்தலாம் என்று நினைத்ததில் எனக்கு வாய்ப்பு வந்தது. எங்கள் தொகுதி பாலாற்றின் இரண்டு கரையிலும் பரந்து கிடக்கிறது. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் ஷூ கம்பெனிகள், தோல் பதனிடும் ஷெட்டுகள். தெற்கே போனால் நிலக்கடலையும் மாந்தோப்புமாக வயல்வெளி விரிந்து, மலையில் போய் முடியும். நான் ஆற்றங்கரைப் பக்கத்துக்காரி. தெற்குப் பக்கம் எனக்கு ஓட்டுக் கேட்கப் போன அளவில்தான் பழக்கம்.

கம்பெனியிலிருந்து யாராவது வந்தால் மட்டும் எனக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி பேச வராது. எழுந்து நின்றுவிடுவேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமாகப் பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் என் தோழி. எனக்கு அடுத்த மிஷினில் பல வருஷம் உட்கார்ந்து தைத்தவள். ஷூவின் மேல்பாகத்தை நான் இணைத்துத் தைத்துத் தள்ளினால் அவள் வாங்கி லைனிங் வைப்பாள். ஆம்பூரில் பிறந்தவள். வீட்டில் உருது, மிஷினுக்கு முன்னால் தமிழ். இப்போது அதே பிரிவில் சூப்பர்வைசர். மற்றவர்கள் முன்னால் அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டாள். அதிலேயே, பெரிதாக ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவர்கள் கேட்டது ஒரு பஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கரையோர ஊர்களிலிருந்து காலையில் கம்பெனிக்கு வருவதற்கு ஒரு பஸ்ஸும் இல்லை. பக்கத்தில் ஆள் போதாததால் தூரத்து ஊர்களுக்கு மட்டும் கம்பெனி வேன் அனுப்பும். பக்கத்து ஊர்க்காரர்கள் தாங்களாக வந்துகொள்ள வேண்டியதுதான். லோடு ஆட்டோவில் நின்றுகொண்டு, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு வருவார்கள். கேட் மூடிவிட்டால் அரை நாள் சம்பளம் போச்சு. கொஞ்ச நாள் முன்னால் அப்படி வந்த ஒரு லோடு ஆட்டோ பாலத்தில் ஏறும் இடத்தில் கவிழ்ந்திருந்தது. அதில் மணிக்கட்டு உடைந்த பெண்ணையும் அழைத்து வந்திருந்தார்கள். தோழி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து எனக்கு முன்னால் நீட்டினாள். எலும்பு சேர்ந்திருந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்திருந்தது.

"இந்தக் கைய பாரு. இனிமே இவளால பீஸ திருப்பிப் புடிச்சித் தைக்க முடியாது. நீயும் அந்த மிஷின்ல உக்காந்தவதானே" என்றாள். மேடம் போய் நீ வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போக்குவரத்துக் கிளை மேலாளரை அந்த வாரமே போய்ப் பார்த்தேன். என் வயதுக்காரர், சத்தம் போட்டுப் பேசாதவர். வண்டி இல்லை, இருக்கிற வண்டியிலும் பாதி பழசு, ஓய்வு பெற்ற ஓட்டுநர்களின் இடத்துக்கு ஆள் வரவில்லை என்று உள்ளதைச் சொன்னார். நான் விடவில்லை. திரும்பத் திரும்பப் போனேன். சட்டமன்றத்தில் எனக்குக் கிடைத்த சில நிமிடங்களில் பாதியை இந்த பஸ்ஸுக்கே செலவழித்தேன். உடைந்த மணிக்கட்டைப் பற்றிச் சொன்னபோது அமைச்சர் தலையசைத்தார். ஊருக்குத் திரும்பிய சில நாட்களில் கிளை மேலாளரே என் அலுவலகத்துக்கு வந்தார்.

"வேற ஒரு ரூட்ல காலைல ஒரு ட்ரிப்பு கூட்டமே இல்லாம ஓடுது மேடம். அத எடுத்து இங்க அட்ஜஸ்ட் பண்ணிட்றேன். நீங்க ஒரு பரிந்துரை குடுத்தா போதும்" என்றார்.

எந்த ரூட் என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் போன் அடிக்கவில்லை. யாரும் உள்ளே வந்து பேச்சைக் கலைக்கவில்லை. அவர் சொல்லி முடித்துவிட்டு, நான் ஏதாவது கேட்பேன் என்பது போலக் கொஞ்சம் காத்துக்கூட இருந்தார். எனக்குக் கேள்வி வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் யோசிக்க வேண்டியிருக்கும் என்று எனக்குள்ளே ஏதோ கணக்குப் போட்டது. ரொம்ப நன்றி சார் என்று சொல்லி டீ வரவழைத்தேன்.

மாலையில் காரில் போகும்போது என் உதவியாளர், தான் விசாரித்து வைத்திருந்ததைச் சொன்னார். கட்சியில் ரொம்ப வருஷம் இருந்தவர், எந்த ஊரில் எந்தத் தெரு யாருடையது என்று விரலில் வைத்திருப்பவர். அவர்கள் எடுப்பது தெற்கே, பள்ளிகொண்டாவிலிருந்து உள்ளே போய் மலையடியில் இருக்கும் ஊரின் காலை ட்ரிப் என்றார். "அங்க நமக்கு ஓட்டு கம்மி மேடம். பெருசா ஒண்ணும் சத்தம் வராது" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னாளில் இதை யாரிடமாவது சொல்லும்போது, எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லத்தான் வாய் போகும். அப்படி இல்லை. எனக்குச் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டேன்.

புது பஸ் விட்ட நாள் என் பதவிக்காலத்தில் எனக்குப் பிடித்த நாள். அதையும் மறைக்க முடியாது. விடிந்தும் விடியாத நேரம். பஸ்ஸின் முகப்பில் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கொடியசைத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நானும் ஏறிக்கொண்டேன். தோழி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். மிஷினில் உட்கார்ந்த மாதிரியே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். பாலத்தைத் தாண்டும்போது பெண்கள் எல்லாரும் ஒரு நொடி பேச்சை நிறுத்தினார்கள். கம்பெனி வாசலில் இறங்கியபோது சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. ஓடாமல், ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொண்டு, அந்த கேட்டுக்குள் பெண்கள் நடந்து போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் வேலை பார்த்த காலத்தில் அந்த கேட்டைத் தாண்டி நான் ஒரு நாளும் நடந்து போனதில்லை.

மலையடி ஊருக்குச் சில மாதங்கள் கழித்துத்தான் போனேன். அங்கே புதிதாக ஒரு ரேஷன் கடை கட்டி முடித்திருந்தார்கள். திறப்பு விழா. மழை பெய்து ஓய்ந்த நாள். மலைச் சரிவில் மேகம் உட்கார்ந்திருந்தது. மற்ற ஊர்களில் மேளம், சால்வை, பட்டாசு என்று இருக்கும். இங்கே நாற்காலி போட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ரிப்பனை வெட்டி, நாலு வார்த்தை பேசி, வழக்கமாகக் கேட்பது போல, வேறு குறை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். வயல் வேலையிலிருந்து நேராக வந்தவள் போல, புடவையை ஏற்றிச் செருகியிருந்ததை எழும்போதே இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"காலைல வேலூருக்குப் போற பஸ்ஸ நிறுத்திட்டாங்க. ஏன்னு யாருமே சொல்ல மாட்றாங்க. உங்களுக்கு இன்னான்னு தெரியுமா மேடம்?"

"விசாரிக்கிறேன்மா" என்றேன்.

"சரிங்க மேடம். நீங்க விசாரிச்சா போதும்" என்று சொல்லி அவள் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் தலையசைத்தார்கள். என் உதவியாளர் பேனாவை எடுத்து, குறித்துக்கொள்வது போல ஏதோ எழுதினார். விசாரிக்கிறேன் என்ற வார்த்தையை நான் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை சொல்பவள். பெரும்பாலும் உண்மையாகத்தான் சொல்வேன். அன்றைக்கு அது முழுப் பொய். அந்தப் பெண் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தது எனக்குத் தாங்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி அவளைத் தேடிப் போய், பஸ் போனதால் உங்களுக்கு என்ன சிரமம் என்று கேட்டேன்.

அவள் தன் மகளைப் பற்றிச் சொன்னாள். வேலூரில் அரசுக் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவள். இரண்டாவது வருஷம். அவர்கள் குடும்பத்தில் காலேஜ் வரைக்கும் போன முதல் ஆள். காலை பஸ்ஸில் ஏறினால் முதல் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். பஸ் நின்றதும் அவளும் இன்னும் இரண்டு பெண்களும் மெயின் ரோடு வரைக்கும் நடந்து போய் வேறு பஸ் பிடித்தார்கள். புளியமரங்களும் புதர்களுமாக வீடே இல்லாத ரோடு அது. மற்ற இரண்டு பெண்களும் வேலூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கப் போய்விட்டார்கள். இவளுக்கு அப்படி யாரும் இல்லை. தனியாக நடந்தாள். பைக்கில் சில பையன்கள் பின்னாலேயே வர ஆரம்பித்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவள் அப்பா போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்று அவரும் கொஞ்ச நாள் சைக்கிளில் அழைத்துப்போய்ப் பார்த்தார். வேலை கெட்டது. விட்டுவிட்டார். வருகைப் பதிவு போதவில்லை என்று பரீட்சைக்கும் அனுமதி கிடைக்கவில்லை.

"சும்மா ஊட்ல குந்தினு இருக்கறதுக்கு, கம்பெனி வேன் கோயில் முனை வரைக்கும் வருது, அதுல போய்ட்டு வரட்டும்னு அனுப்பிட்டோம்" என்றாள். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். நான் வேலை பார்த்த கம்பெனிதான். எந்தப் பிரிவு என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தையல் பிரிவு என்று அவளே சொன்னாள்.

திரும்பி வரும்போது உதவியாளர், கிளை மேலாளரிடம் விசாரிக்கச் சொல்லட்டுமா மேடம் என்று கேட்டார். கிண்டலாக இல்லை. அலுவலகக் குரலில்தான் கேட்டார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டு பேரும் தெரியாதவர்களைப் போலப் பேசிக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் காலையில் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்லவர். நீ என்ன பண்ணியிருக்க முடியும், இருந்தது ஒரு வண்டி என்றார். எந்த ரூட் என்று கேட்டிருக்க முடியும் என்றேன். கேட்டிருந்தாலும் வண்டி அதேதானே என்றார். அது சரிதான். ஆனால் கேட்டிருந்தால், அந்த ஊருக்கு ஒருமுறை போய், யார் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்திருப்பேன். வேறு ஏதாவது ஏற்பாடு செய்துவிட்டு எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். கூட்டமே இல்லாத பஸ் என்றால் அதில் போகிற சிலருக்கு வேறு வழியே இல்லை என்றும் அர்த்தம். இதை யோசிக்க எனக்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை.

கிளை மேலாளர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார். திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் எங்கேயிருந்து எடுக்கட்டும் மேடம் என்று கேட்டார். ஆற்றங்கரை பஸ்ஸை நிறுத்தினால் மலையடிக்குப் போகும். இல்லையென்றால் இன்னொரு ஊரின் ட்ரிப்பை எடுக்க வேண்டும். அது எந்த ஊர் என்று இந்த முறை நான் கேட்டேன். சொன்னார். அதையும் எடுக்க வேண்டாம் என்றேன். புது வண்டிகள் வரும்போது பார்க்கலாம் என்றார். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை.

நான் பேசிவிட்டு வந்தது எப்படியோ வெளியே போய்விட்டது. ஆற்றங்கரை பஸ் நிற்கப்போகிறது என்று கம்பெனியில் பேச்சாகிவிட்டது. தோழி வேலை முடிந்த கையோடு, அடையாள அட்டை கழுத்தில் தொங்க, தனியாக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. அந்த பஸ்ஸை எடுக்கப் போகிறாயாமே என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு ஏன் அந்த ஆபீஸுக்குப் போனாய் என்றாள். எனக்கு யாரிடமாவது கொட்ட வேண்டும் போல இருந்தது. மலையடி ஊரை, அந்தப் பெண்ணை, அவள் அம்மாவிடம் நான் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு என் லைன்லதான் இருக்கா" என்றாள். பிறகு எழுந்து கிளம்பும்போது சொன்னாள்: "இத எனக்கு நீ சொல்லியிருக்கக் கூடாது. இனிமே காலைல பஸ் ஏறும்போதெல்லாம் அவ மூஞ்சிதான் வரும். எங்க யாருக்கும் தெரியாம எடுத்தியே, தெரியாமயே வெச்சிருக்க வேண்டியதுதானே. இது உன் பேஜார். நீயே வெச்சுக்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. என் சுமையில் பாதியை அவள் தலையில் ஏற்றப் பார்த்திருக்கிறேன். சொல்ல வேண்டிய இடம் அவளல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உதவியாளரைக் கூப்பிடாமல், கணவரின் பைக்கில் அவரோடு மலையடி ஊருக்குப் போனேன். ஓட்டு வீடு. முற்றத்தில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அப்பா தோப்புக்குக் காவலுக்குப் போயிருந்தார். அம்மா பதறிப்போய் உள்ளே ஓடி நாற்காலி கொண்டுவந்தாள். மகள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒல்லியான பெண். ஆட்காட்டி விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. ஊசி குத்தியிருக்கும். புதிதாகத் தைக்கிற எல்லாருக்கும் அங்கேதான் குத்தும்.

அம்மா டம்ளரில் டீ கொண்டுவந்தாள். அதைக் குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் விசாரிக்கிறேன் என்று சொன்னது பொய், இந்த பஸ்ஸை எடுத்து ஆற்றங்கரைக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று எனக்கு முன்பே தெரியும், பஸ் கேட்டு வாங்கியதும் நான்தான் என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையையும் சொன்னேன். சொல்லும்போதே, மேடையில் பேசுகிற குரல் எனக்குள் வந்துவிட்டது போல இருந்தது. நிறுத்திக்கொண்டேன்.

மகள்தான் முதலில் பேசினாள். "எனக்குத் தெரியும் மேடம். கம்பெனில எல்லாரும் உங்களப் பத்தி நல்லவிதமாதான் பேசுவாங்க. நம்ம மிஷின்ல உக்காந்திருந்தவங்க, நமக்கு பஸ் விட்டாங்கன்னு. எங்க ஊர் பஸ் நின்ன அதே வாரம்தான் அந்த பஸ் ஓட ஆரம்பிச்சுது. நானே புரிஞ்சுக்கினேன்."

அம்மாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. "அப்ப அன்னிக்கு நான் அவ்ளோ ஜனத்துக்கு நடுவுல எழுந்து கேட்டேனே மேடம்" என்றாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. குடிப்பதா வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. என் கணவர் தன் டம்ளரை எடுத்துக் குடித்தார். நானும் குடித்தேன்.

கல்லூரி முதல்வரைப் பார்த்தேன். அந்த வருஷம் போனது போனதுதான், ஆனால் அடுத்த ஜூனில் அதே வகுப்பில் மறுபடி சேரலாம் என்றார். வேலூரில் அரசு மாணவியர் விடுதியில் இடம் வாங்கித் தர ஏற்பாடு செய்தேன். இதையெல்லாம் எவ்வளவு வேகமாகச் செய்ய முடிந்தது என்று பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. இந்த வேகத்தை முதலிலேயே காட்டியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். தம்பி பத்தாவது படிக்கிறான், வீடு இப்போது தன் சம்பளத்தில்தான் ஓடுகிறது, அப்பாவுக்கும் முன்னைப் போல முடியவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மரியாதையாக நன்றியும் சொன்னாள். ஜூன் வரைக்கும் காத்திருந்தேன். நடுவில் ஒருமுறை நானே கூப்பிட்டேன். இன்னும் முடிவு பண்ணவில்லை மேடம் என்றாள். அதற்கு மேல் கூப்பிட்டால், என் மனசு ஆறுவதற்காக அவளைத் தொந்தரவு செய்வதாக ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பஸ் வந்தது. மாவட்டத்துக்குப் புது வண்டிகள் கொஞ்சம் ஒதுக்கினார்கள். அதில் ஒன்று எங்கள் கிளைக்கு வந்ததும், அதனால் மிச்சமான ஒரு பழைய வண்டியை மலையடி ஊரின் காலை ட்ரிப்புக்குப் போட்டார்கள். அதற்கும் நான் சட்டமன்றத்தில் பேசினேன், அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். ஆனால் அதை இங்கே பெரிதாக எழுத எனக்குத் தகுதியில்லை. விழா எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதல் நாள் காலையில் நான் மட்டும் போய்க் கோயில் முனையில் நின்றேன். பையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிற பெண்கள் சிலர் வந்தார்கள். மருத்துவமனைக்குப் போகிற ஒரு தம்பதி, காய் மூட்டையோடு இரண்டு பெண்கள். பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனி வேன் வந்து நின்றது. அந்தப் பெண் எங்கிருந்தோ வேகமாக நடந்து வந்தாள். என்னைப் பார்த்துக் கையைப் பாதி உயர்த்தி வணக்கம் வைத்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். வேன் போன பிறகு பஸ் வந்தது. நான் அதில் வேலூர் வரைக்கும் போனேன். யாரும் என்னோடு பேசவில்லை. கல்லூரிப் பெண்கள் பின் சீட்டில் உட்கார்ந்து ஏதோ பாடத்தைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

தோழிக்கும் எனக்கும் நடுவில் கொஞ்ச நாள் பேச்சு குறைந்திருந்தது. அவள் மகளுக்குக் கல்யாணம் வைத்தபோது நேரில் வந்து அழைத்தாள். அதில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆம்பூரில் ஒரு மண்டபம். பெண்களுக்குத் தனிப் பகுதி. கம்பெனியின் தையல் பிரிவே அங்கே இருந்தது என்று சொல்லலாம். ஜரிகைத் துப்பட்டாவும் மல்லிகைப் பூவும் பிரியாணி வாசனையுமாக இருந்தது. தோழி என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுக் கத்திரிக்காய்த் தொக்கை இன்னும் ஜாஸ்தியாக வைக்கச் சொன்னாள்.

இரண்டு வரிசை தள்ளி அந்த மலையடிப் பெண் உட்கார்ந்திருந்தாள். பளிச்சென்ற மஞ்சள் சுடிதார். கூட வேலை பார்க்கிற பெண்களோடு எதற்கோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்ப்பதைக் கவனித்த தோழி என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அத நெனச்சி நீ இன்னும் மனசப் போட்டுக் கொழப்பிக்காத. நல்ல கை அந்தப் பொண்ணுக்கு. உன்னவிட வேகம். அடுத்த வருஷம் அவள சூப்பர்வைசர் ட்ரெயினிங்குக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன். சந்தோஷப்படு."

அவள் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். நல்ல செய்திதான் அது. அந்த மிஷின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னை வளர்த்தது. ஆனால் அந்தப் பெண் அதைக் கேட்டு வரவில்லை. அவளுக்குக் கணிதத்தில் எப்படிக் கை என்று எனக்குச் சொல்ல இப்போது ஆளில்லை. சந்தோஷம்தான் என்று தோழியிடம் சொன்னேன். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.

கை கழுவிவிட்டு வரும்போது அந்தப் பெண்கள் கூட்டம் என்னை மடக்கிக்கொண்டது. மேடத்தோடு ஒரு போட்டோ என்றார்கள். அவள் சட்டென்று எழுந்து நின்றாள். சிரிப்பு போய், அன்றைக்கு முற்றத்தில் இருந்த அதே மரியாதை முகத்துக்கு வந்துவிட்டது. எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். நீயும் வா என்று அவளைக் கூப்பிட்டேன். நான் எடுக்கிறேன் மேடம் என்று ஒருத்தியின் போனை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் நகர்ந்தாள். போனை உயர்த்திப் பிடித்து, எங்கள் எல்லாரையும் அதற்குள் அடக்க, சரியான தூரம் பார்த்து ஒரு அடி தள்ளி நின்றாள்.

"கொஞ்சம் சிரிங்க மேடம்" என்றாள்.

நான் சிரித்தேன்.